நான்கு கறுப்புப் புள்ளிகள்

1985 ஒக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. காலை 7.45.

புவியியல் ஆசிரியர் தர்மராஜா அறையின் பூட்டைத் திறந்தார். பூட்டில் கீறல் இல்லை. ஜன்னல்கள் உள்ளே கொளுவியபடி இருந்தன. அலுமாரியின் கீழ்த் தட்டை இழுத்துப் பார்த்தவர் அப்படியே குந்திவிட்டார். பன்னிரண்டு படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தன.

காணாமற்போனது மாத்தளைக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதியின் இடவிளக்கப் படம். ஒரு மைலை ஒரு அங்குலமாகச் சுருக்கி வரைந்தது. பாலம், ஒற்றையடிப் பாதை, ஓடை, கோயில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் எல்லாம் அதில் உண்டு. சமாதான காலத்தில் அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தேசப்படம். போர்க்காலமான அந்த வருடத்தில் அதற்கு வேறு மதிப்பு வந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு இராணுவக் கப்டன் ஒருவர் ரத்தோட்டை வீதியோரத்தில் இருந்த அந்தப் பாடசாலைக்கு வந்து படங்களை எண்ணினார். ஒன்று குறைந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று அதிபரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அதிபர் சரோஜினிதேவி அறிவித்தார். தொலைபேசியில் இலக்கங்களைச் சுழற்றும்போது அவருடைய விரல் மூன்று முறை வழுக்கியது.

8.50க்கு இராணுவ ஜீப் வந்தது. தர்மராஜா வடக்கே பருத்தித்துறைக்காரர். அறைச் சாவி அவரிடம் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை; அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

9.30. மாத்தளைப் பொலிஸ் நிலையம்.

"நாலு மணிக்குக் கப்டன் வருவார்" என்றார் பொறுப்பதிகாரி. "அதுவரை ஆள் நம் பொறுப்பு. பிறகு இராணுவ முகாம். இத்ரூஸ், உனக்குத்தான் தமிழ் தெரியும். போய்ப் பேசிப் பார்."

சார்ஜன்ட் இத்ரூஸுக்கு ஐம்பத்தொரு வயது. நெற்றியில் தொழுகைத் தழும்பு. முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் சிலரை அவர் அறிவார். வராதவர்களின் தாய்மாரையும் அறிவார். அவர் ஒரு கோப்பை தேநீரோடு சிறைக்கூட்டுக்குப் போனார்.

"சேர், ஒரு வாய் குடிங்க. பொறகு செல்லுங்க. படத்தக் கடைசியா எப்ப கண்டீங்க?"

"நேற்று ஒரு மணிப் பாடத்தில. முடிய நானே உள்ளுக்கு வைச்சுப் பூட்டினனான். ரெண்டே காலுக்கு பஸ் ஏறிட்டன்."

"வேற சாவி?"

"அதிபரின்ர கந்தோரில ஒரு சாவிக் கொத்துத் தொங்கும். பியோன் நல்லையாவின்ர பொறுப்பு."

தர்மராஜாவின் வலது காது வீங்கிச் சிவந்திருந்தது. கோப்பையை இடது கையால் பிடித்துக் குடித்தார்.

"சார்ஜன்ட், ஒரு சின்ன உதவி. மணல் தட்டைப் பிள்ளையள் பார்த்தினமோ தெரியேல்லை. கொப்பியில கீறாமல் அழிச்சால் நேற்றையது போயிடும்."

"என்ன மணல்?"

"புவிநடுக்கத்தை அளக்கிற கருவி. நானும் பிள்ளையளும் செய்தது. முகட்டு வளையில ஒரு இரும்புக் குண்டு தொங்குது. குண்டுக்குக் கீழ ஆணி, ஆணிக்குக் கீழ மணல் தட்டு. நிலம் அசைஞ்சால் தட்டும் சேர்ந்து அசையும், குண்டு அசையாமல் நிற்கும். அப்ப ஆணி மணலில கோடு கீறும்." அவர் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்து போனது. "இஞ்ச நிலம் எங்க நடுங்குது? கல்குவாரியில ஐஞ்சு மணிக்கு வெடி வைக்கேக்கை மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழும். அடுத்த நாள் காலமை பிள்ளையள் அதைக் கொப்பியில கீறிப்போட்டு, கோடு போடுற அடிமட்டத்தால மணலைச் சமன் செய்வினம்."

"நேத்தும் வெடி வெச்சாங்க" என்றார் இத்ரூஸ். வெடிமருந்துக்குப் பொலிஸ் காவல் போட்ட காலம் அது. முந்திய நாள் ஐந்து மணிக்குக் குவாரியில் துவக்கோடு நின்றவர் அவரேதான்.

அவர் கதவைச் சாத்தினார். உயிருக்கு நாலு மணி என்று தவணை வைத்திருக்கிறார்கள். இந்த மனிதர் பிள்ளைகளின் மணலைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

10.40. பாடசாலை.

மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றம் முழுவதும் பலா இலைகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. இத்ரூஸின் சப்பாத்து ஒரு பழுத்த இலையில் வழுக்கியது. நல்லையா குடையோடு ஓடி வந்தான்.

"பாத்து வாங்கய்யா. போன கெழம இன்ஸ்பெக்டர் சேரு இங்கதான் விழுந்தாரு."

"கைய முறிச்சாரா?"

"இல்லீங்க. பள்ளிக்கூடத்துக்குத்தான் மார்க்க கொறச்சிட்டாரு."

இத்ரூஸ் சிரித்தார். சிரிப்பு அடங்குமுன் கேட்டார்.

"சாவிக் கொத்து நேத்து எங்க இருந்திச்சி?"

"ஆணியிலதாங்க."

"எத்தன மணிக்குப் போனீங்க?"

"எல்லாம் பூட்டிட்டு ஆறு மணிக்குங்க."

"கொத்த வேற யாரும் தொட்டாங்களா?"

"யாருமில்லீங்க." நல்லையா தன் கால்விரலைப் பார்த்தபடி சொன்னான்.

புவியியல் அறையில் பத்துப் பன்னிரண்டு மேசைகள், ஒரு பூகோள உருண்டை, சுவரில் உலகப் படம். அலுமாரிக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி இரும்புக் குண்டு தொங்கியது. அதன் கீழே மணல் தட்டு. மணல் வழித்த மாவைப் போலச் சமமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும், விசிறி மடிப்புப் போல, மெல்லிய வளைந்த வரிகள்.

"இண்டைக்கு எந்த வகுப்பும் உள்ள வரேல்ல" என்றார் அதிபர். "ஜீப் போனதோட நான் பூட்டிட்டன். ஆமிக்காரரும் பார்த்தவை. ஒண்டும் கலையேல்லை, சாவியாலதான் திறந்திருக்கு, சாவி வைச்சிருக்கிறவன்தான் கள்ளன் எண்டு சொல்லிச்சினம்."

இத்ரூஸ் அலுமாரியின் கீழ்த் தட்டை இழுக்கக் குனிந்தார். அவருடைய தோள் குண்டில் இடித்தது. குண்டு ஆடியது. ஆணி மணலை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்துப்போட்டது.

"அல்லாஹ்" என்றார். பிறகு மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

11.30. தர்மராஜாவின் பாடக்குறிப்பை அதிபர் எடுத்துக் கொடுத்தார். வியாழக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'மண்சரிவு. உதாரணம்: கருங்கல்மலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு. சமவுயரக் கோடுகள் நெருங்கி இருப்பதால் சரிவு செங்குத்து. அடியில் நான்கு கறுப்புப் புள்ளிகள் = லயன். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மழையில் மலை இறங்கி லயனை மூடியது. இப்போது அங்கே மானாப்புல் மட்டும். பிள்ளைகள் கவனிக்க: படத்தில் உண்டு, தரையில் இல்லை.'

இத்ரூஸ் தொலைபேசியில் இரண்டு பேரிடம் பேசினார். ஒருவர் பஸ் கண்டக்டர். மற்றவர் தர்மராஜா தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா. மூன்று மணிக்கு வந்தவர் மறுநாள் காலைவரை வாசற்படி தாண்டவில்லை என்று அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்.

12.20. ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போக நேரமில்லை.

"டீச்சர், தொழ ஒரு சுத்தமான துணி கிடைக்குமா?"

பரிசளிப்பு விழா மேசைக்கு விரிக்கிற வெள்ளைத் துணியை அலுமாரியிலிருந்து எடுத்து, அதிபர் தன் கையாலேயே நிலத்தில் விரித்தார். அவர் வெளியே போய்க் கதவருகே நின்று, யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார். அன்று இந்த நாட்டில் நடந்த பெரிய காரியங்கள் பத்திரிகையில் வந்தன. இது வரவில்லை.

இத்ரூஸ் தொழுது முடித்து எழுந்தபோது ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. பலா இலைகள். நேற்றைய இலை, இன்றைய இலை, எல்லாம் கிடந்தன. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"டீச்சர், இந்த முத்தத்தக் கூட்டுறது யாரு?"

"சுந்தரம்மா. இண்டைக்கு லீவு. கச்சேரியில பிரஜாவுரிமை விசாரணை. இஞ்ச பிறந்ததுக்கு அத்தாட்சி இல்லாமல் ரெண்டு வருஷமா அலையுது, பாவம். இந்தப் பள்ளிக்கூடம் கூட்டுறதும் பதிவில்லாத வேலைதான்."

"அவங்கட ஃபோர்ம் யார் நிரப்பின?"

"நான்தான்."

"பொறந்த எடம்?"

சரோஜினிதேவி வாயைத் திறந்தார். பதில் வருமுன் அவருடைய கண்கள் மேசையில் கிடந்த பாடக்குறிப்பின் மேல் விழுந்தன.

இத்ரூஸ் வெளியே வந்து நல்லையாவின் தோளில் கை வைத்தார். "கொத்த அஞ்சு மணிக்கு அந்தப் பொம்பளைக்கிட்ட குடுத்திட்டு நீங்க வீட்ட போற. அப்படித்தானே?"

"வேல போயிருமுங்கய்யா..."

"ஒங்கட வேல போகாது. ஆனா பொய்க்கு ஒரு உசிரு போகப் பாத்திச்சி."

2.50. மாத்தளைக் கச்சேரி, மாவட்ட அரசாங்க அலுவலகம்.

விறாந்தையின் நீள வாங்குகளில் எழுபது பேர் இருந்தார்கள். கையில் இலக்கத் துண்டு, மடியில் பத்திரக் கட்டு. கோடியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. நெற்றியில் திருநீறு. மூடிய குடையை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். இத்ரூஸ் பக்கத்தில் அமர்ந்தார்.

"சுந்தரம்மாதானே?"

"ஆமாங்கய்யா."

"எல்லாரும் கொடைய விரிச்சுக் காயப்போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?"

"நா திருடலங்கய்யா. இங்க காட்டிட்டு சாயந்தரமே வெச்சிருவேன். சாமி சத்தியமுங்க."

"வழியில ஆமி சோதிக்கல்லயா?"

"பையத்தான் கொட்டிப் பாத்தாங்க. கொடையப் பாக்கல."

குடையையும் பார்த்திருந்தால் இந்த வாங்கில் இவள் இருந்திருக்கமாட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாது. இந்தப் படத்துக்காக தர்மராஜா சேரப் புடிச்சுக் கூட்டுல போட்டிருக்காங்க. நாலு மணிக்கு ஆமிக்குக் குடுக்கப் போறாங்க."

"சேரயா?" அவள் எழுந்துவிட்டாள். "எங்க சேரயா? ஐயோ, வாங்கய்யா, போவோம். இப்பவே போவோம்."

அதே நேரம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாப்பத்தொண்ணு! சுந்தரம்மா!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் இறங்கிவிட்டாள். இத்ரூஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 3.04. பொலிஸ் நிலையத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை.

"ரெண்டு வருஷம் காத்திருந்தீங்க. அஞ்சு நிமிஷம் உள்ள போய்க் காட்டிட்டு வாங்க. நானும் வாறேன்."

"சேருக்கு..."

"நேரத்த நா பாத்துக்கறேன். போங்க."

எழுதுவினைஞர் படத்தை விரித்தார். கெட்ட மனிதர் அல்ல. களைத்த மனிதர். சுந்தரம்மா நான்கு கறுப்புப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். புள்ளிகளைத் தொடவில்லை.

"இதாங்க எங்க லயம். மூணாவது காம்பராவுலதாங்க பொறந்தேன். அப்படி ஒரு பிரிவே இல்லேன்னு தோட்டத்துல எழுதிட்டாங்களே, இந்தா இருக்குங்களே."

அவர் படத்தின் மூலையில் அச்சிட்ட வருடத்தைப் பார்த்தார். மலை இறங்குமுன் அச்சிட்ட படம்.

"இருக்கும்மா. ஆனா தேசப்படத்த நா ஃபைல்ல போட ஏலாது. இந்த எடத்துல லயன் இருந்திச்சின்னு ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோர் எழுத்துல தரணும். சீலோட. அடுத்த மாசம் வரைக்கும் ஃபைல மூடாம வெக்கிறேன்."

வெளியே மழை பலத்திருந்தது. இத்ரூஸ் படத்தைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். வெறுங்குடையைச் சுந்தரம்மாவின் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தார். நடக்கும்போது அவள் சொன்னதைக் கேட்டார்.

3.50. பொலிஸ் நிலையம்.

கப்டன் பத்து நிமிடம் முன்னதாகவே வந்திருந்தார். படத்தை மேசையில் விரித்தவருடைய முகம் மாறியது. நான்கு புள்ளிகளின் மேல் சிவப்பாக ஓர் அடையாளம் இருந்தது.

"இலக்குக் குறித்திருக்கிறார்கள்" என்றார். "ஆளைக் கொண்டு வா."

"சேர், பத்து நிமிடம் தாருங்கள்" என்று சிங்களத்தில் கேட்டார் இத்ரூஸ். "எடுத்தது தர்மராஜா அல்ல. பாடசாலை கூட்டுகிற சுந்தரம்மா."

"சாட்சி?"

"மணல். நேற்று ஐந்து மணிக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள். நானே நின்றேன். அந்த அதிர்வுக்கு மணலில் ஒரு கோடு விழுந்திருக்க வேண்டும். இன்று காலை மணலில் கோடே இல்லை. நாம் எல்லோரும் அதைப் பார்த்து, ஒன்றும் கலையவில்லை என்று நினைத்தோம். கோடு இல்லாததுதான் தடயம். ஐந்து மணிக்குப் பிறகு யாரோ உள்ளே வந்து அழித்திருக்கிறார்கள். தர்மராஜா மூன்று மணியிலிருந்து வீட்டில். இரண்டு சாட்சி உண்டு."

கப்டன் நாற்காலியை இழுத்து அமர்ந்தார்.

"தட்டை இழுக்கக் குனிந்தால் குண்டு தோளில் இடிக்கும். எனக்கும் இடித்தது. மணல் கிழிந்தது. வெளியிலிருந்து வந்த கள்ளன் என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போவான். ஆசிரியரோ பிள்ளைகளோ என்றால் வெடியின் கோட்டைக் குறிக்காமல் அழிக்கமாட்டார்கள். அழிப்பதற்கும் அடிமட்டம் வைத்திருக்கிறார்கள். இந்த மணலின் மூலையிலோ ஈர்க்கு விளக்குமாற்றின் வரி இருந்தது. தினமும் காலையில் விறாந்தையில் நின்று, பிள்ளைகள் மணலைச் சமன் செய்வதைப் பார்க்கிற ஒருத்தி, சமனாக இருப்பதுதான் சரி என்று நினைத்துவிட்டாள். இன்று முற்றம் கூட்டப்படவில்லை. கூட்டக் கூடாத மணல் கூட்டப்பட்டிருக்கிறது."

"பன்னிரண்டில் இதை மட்டும் ஏன் எடுத்தாள்?"

"நேற்று ஒரு மணிப் பாடத்தை வெளியே நின்று கேட்டாள். தான் பிறந்த லயன் படத்தில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னார். அது ஒன்றுதான் அவளுக்குப் பத்திரம். கச்சேரியில் காட்டப் போனாள்."

"இந்தச் சிவப்பு?"

"குங்குமம் சேர். அவளுடைய அம்மாவும் இரண்டு தம்பிகளும் அந்த மண்ணுக்குக் கீழே. தோண்டி எடுக்க முடியவில்லை. பொட்டு வைத்துக் கும்பிட அவளுக்கு வேறு இடமில்லை."

கப்டன் அந்தச் சிவப்பைத் துடைக்கப் பெருவிரலை நீட்டினார். விரல் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, துடைக்காமலே படத்தைச் சுருட்டினார்.

"இது முகாமுக்கு. ஆள் உங்களுக்கு. அந்தப் பெண்ணின் பெயரை நான் இன்னொரு முறை கேட்கக் கூடாது."

"சரி சேர். பொருளை ஒப்படைப்பதால் தகவற் புத்தகத்தில் விவரம் எழுத வேண்டும்."

"சுருக்கமாக எழுது."

இத்ரூஸ் சுருக்கமாக எழுதவில்லை. சுருட்டிய படத்தை மறுபடி விரித்து, ஓரத்து இலக்கங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு முழுப் பக்கம் எழுதினார். கப்டன் இரண்டு முறை மணி பார்த்தார். கடைசியில் அடியில் கையெழுத்தும் போட்டார்.

4.25. ஜீப் போய்விட்டது.

தர்மராஜா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். சுந்தரம்மா அவர் காலடியில் விழுந்தாள்.

"எழும்புங்கோ அம்மா. எழும்புங்கோ."

"மணல நாந்தாங்க சேரு அழிச்சேன். தோள்ல இடிச்சுப் பெரிய கோடா விழுந்திருச்சு. காலையில புள்ளைக பாத்து பூமியே நடுங்கிருச்சுன்னு பயந்துருமேன்னு..."

"பயந்திருக்கமாட்டினம். சந்தோசப்பட்டிருப்பினம்" என்றார் தர்மராஜா. சிரிக்கப் பார்த்தார். காது வலித்தது. இத்ரூஸிடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த தவணை நான் இஞ்ச இருக்கமாட்டன். இடமாற்றம் கேட்கப் போறன். கருவியைப் பிள்ளையள் பார்த்துக்கொள்ளுவினம்."

இத்ரூஸ் அவரைக் கைத்தாங்கலாக வாங்கில் அமர்த்தினார்.

பிறகு தகவற் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சுந்தரம்மாவிடம் வந்தார். "திங்கக்கிழம வாங்க. இந்தப் பக்கத்துக்கு அத்தாட்சிப் பிரதி தாறேன். சீலோட. பொலிஸும் அரசாங்கக் கந்தோர்தான்."

கச்சேரி இதை ஏற்குமா என்பது அவருக்குத் தெரியாது. சுந்தரம்மாவும் அதைக் கேட்கவில்லை. அவள் கேட்டது வேறு.

"அதுல எங்க லயம் இருக்குங்களாய்யா?"

சிங்களத்தில் எழுதியதை இத்ரூஸ் தமிழில் வாசித்தார். "கருங்கல்மலைத் தோட்டம். கீழ்ப்பிரிவு. ஓடைக்கு மேற்கே, பாதை வளைவுக்குக் கீழே, வரிசையாக நான்கு கட்டடங்கள். மனிதர் வசித்த லயன் என்ற குறியீட்டோடு படத்தில் தெளிவாகக் காணப்படுகின்றன. கீழே கையெழுத்திட்ட இருவரும் கண்ணால் கண்டோம்."

மழைச் சத்தத்தில் கடைசி வார்த்தைகள் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அவள் ஈரக் குடையைக் கீழே வைத்தாள்.

"இன்னொருக்கா வாசிங்கய்யா."

இத்ரூஸ் முதல் வரியிலிருந்து வாசித்தார்.